தோள்பையில் ஓபி வேன் (வெளிக்கள நேரலை வண்டி): முதல் வெளிநாட்டுப் பணிக்குப் போகும் டிவி செய்தியாளருக்கு ஸ்டார்லிங்க் மினி

வெளிநாட்டில் இறங்கிய செய்தியாளருக்கு, அலுவலகத்தில் செய்திகளைத் திரட்டும் இன்புட் டெஸ்கிலிருந்து வரும் முதல் அழைப்பில் இரண்டே கேள்விகள்தான் இருக்கும்: "எங்க இருக்கீங்க? லைவ் எப்ப தர முடியும்?" செல்போன் கோபுரம் வேலை செய்யும் ஊரில் பதில் சுலபம். நான்கைந்து சிம் கார்டுகளின் வேகத்தைச் சேர்த்து இழுக்கும் பேக்பேக் கருவி போதும். பல நேரங்களில் கையிலிருக்கும் போனே போதும். கோபுரம் சாய்ந்துபோன ஊரிலும், அரசு இணையத்தை அணைத்துவிட்ட ஊரிலும்தான் சிக்கல். பெரிய நிறுவனம் என்றால் அங்கே செயற்கைக்கோள் கருவியும் அதை இயக்கத் தெரிந்த பொறியாளரும் போவார்கள். கேமரா, மைக், எடிட்டிங் மூன்றையும் ஒற்றை ஆளாகப் பார்க்கும் இளம் செய்தியாளருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2024 ஜூனில் 599 டாலருக்கு விற்பனைக்கு வந்து, பிறகு விலை இறங்கிய ஸ்டார்லிங்க் மினி என்ற செயற்கைக்கோள் இணைய டிஷ் இவருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். வீட்டு இணையத்துக்கோ சுற்றுலாவுக்கோ இது எப்படி என்பது வேறு கதை.

முதலில் பொருள். 298.5 மிமீ நீளம், 259 மிமீ அகலம், 38.5 மிமீ தடிமன். ஒரு தாம்பாளத்தைவிடச் சற்றுக் கனத்த வெள்ளைப் பலகை. எடை 1.10 கிலோ, தாங்கு காலும் 15 மீட்டர் கேபிளும் சேர்ந்தால் 1.53 கிலோ. வைஃபை ரௌட்டர் உள்ளேயே இருக்கிறது. பழைய ஸ்டார்லிங்க் டிஷ்கள் சிலவற்றில் இருந்த மோட்டார் இதில் இல்லை. திசையைக் கையால்தான் திருப்ப வேண்டும், போனிலுள்ள ஸ்டார்லிங்க் ஆப் வழி சொல்லும். பின்புறம் மின்சாரத்துக்கு ஒரு துளை, ஈதர்நெட்டுக்கு ஒரு துளை. தூசிக்கும் தண்ணீருக்கும் ஐபி67 தரம் உண்டு என்றாலும், இரு துளைகளிலும் செருகியோ மூடியோ இறுக்கமாக உட்கார்ந்திருந்தால்தான் அந்தத் தரம். ஈதர்நெட் மூடியைத் தொலைத்துவிட்டு மழையில் வைத்தால் குற்றம் கருவியுடையதல்ல.

இந்த எடையின் அருமை தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2001 ஏப்ரலில் சீனாவின் ஹைனான் தீவிலிருந்து அமெரிக்க உளவு விமானக் குழுவினர் விடுவிக்கப்பட்ட காட்சியைச் சிஎன்என், செயற்கைக்கோள் போன் வழியே படம் அனுப்பும் ஒரு வீடியோபோன் மூலம் நேரலையாகக் கொடுத்தது. அதே ஆண்டு ஆப்கானிஸ்தான் போரிலும் அந்தக் கருவிதான். 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 ஆயிரம் பிட்) இணைப்புகள் இரண்டைச் சேர்த்து, கட்டம் கட்டமாக உடைந்து நகரும் ஒரு முகத்தை அனுப்புவார்கள். 2005இல் இன்மார்சாட் நிறுவனத்தின் பிகான் (BGAN) என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை வந்தது. இன்றும் பல செய்தி நிறுவனங்களின் அவசரப் பெட்டியில் இருப்பது அதுதான். சிறிய பிகான் கருவி ஒன்றரைக் கிலோ அளவு. அதில் உறுதியாகக் கிடைக்கும் நேரலை வேகம் 128 கேபிபிஎஸ். முகம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு 384 கேபிபிஎஸ்ஸோ அதற்கு மேலோ வேண்டுமென்றால் மூன்று கிலோவைத் தாண்டிய பெரிய கருவியும், நிமிடக் கணக்கில் ஏறும் கட்டணமும் வேண்டும்.

ஒரு கணக்கு போட்டால் வித்தியாசம் புரியும். இரண்டு நிமிட ஸ்டோரியை 10 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 10 மெகாபிட்) தரத்தில் ஏற்றினால் கோப்பு 150 எம்பி வரும். 256 கேபிபிஎஸ் பிகான் இணைப்பில் அது போய்ச் சேர 78 நிமிடம். மினியில் மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் கிடைத்தால் இரண்டே நிமிடம். பிகானில் ஒரு எம்பிக்குச் சில டாலர்கள் போகும் என்பதால், "அந்த இரண்டாவது பைட் (பேட்டித் துணுக்கு) வேண்டாம், சுருக்கி அனுப்புங்க" என்று டெஸ்க் சொல்வது வழக்கம். அந்தப் பேச்சே இங்கே எழாது.

ஆனால் விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண் கீழிறக்கும் வேகம். செய்தியாளருக்கு அதனால் பெரிய லாபமில்லை. அவருக்கு வேண்டியது மேலேற்றும் வேகம். அது திறந்த வானத்தில் 5 முதல் 20 எம்பிபிஎஸ்ஸுக்குள் ஊசலாடிக்கொண்டே இருக்கும். ஊசலாட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. செயற்கைக்கோள்கள் சுமார் 500 கிமீ உயரத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருப்பவை. எந்த டிஷ்ஷுக்கு எந்தச் செயற்கைக்கோள் என்பதை அமைப்பு 15 விநாடிக்கு ஒருமுறை மறுபடி பங்கிடுகிறது. ஒவ்வொரு நிமிடத்திலும் 12, 27, 42, 57ஆவது விநாடிகளில் இது நடக்கும். மாறும் அந்தக் கணத்தில் சில பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) தொலையும், தாமதம் எகிறும். இணையத்தில் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. நேரலையில் கால் நிமிடத்துக்கு ஒருமுறை படம் விக்கும்.

விக்கலை நிறுத்துவது, படத்தை அனுப்பும் ஆப்பில் நாம் வைக்கும் செட்டிங்கில் இருக்கிறது. முதல் தவறு ஆர்டிஎம்பி என்ற பழைய முறையில் அனுப்புவது. அது தொலைந்த பாக்கெட் திரும்ப வரும்வரை பின்னால் வருவதையெல்லாம் நிறுத்திவைக்கும். ஒரு சின்னத் தடங்கல் பத்து விநாடித் தேக்கமாக வளர்ந்துவிடும். எஸ்ஆர்டி முறைதான் இதற்குச் சரி. ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி 2017இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட நெறிமுறை அது. எம்சிஆரில் (ஒளிபரப்பின் மையக் கட்டுப்பாட்டு அறை) எந்த நவீன ரிசீவரும் அதை எடுக்கும். போனிலிருந்து அனுப்ப லாரிக்ஸ் பிராட்காஸ்டர் ஆப் இருக்கிறது. கேமராவிலிருந்து என்றால் எச்டிஎம்ஐ உள்ளீடு உள்ள, படத்தைச் சுருக்கி அனுப்பும் சிறிய என்கோடர்.

எஸ்ஆர்டியில் லேட்டன்சி என்றொரு எண் கேட்கும். பல ஆப்களில் அது முன்கூட்டியே 120 மில்லிவிநாடியில் நிற்கும். ஸ்டுடியோவுக்குள் கம்பி இழுத்த இணைப்புக்குத்தான் அது பொருந்தும். மினிக்கு 2000 வையுங்கள். இரண்டு விநாடி என்றால் பங்கீடு மாறும்போது தொலைந்த பாக்கெட்டுகளை மறுபடி கேட்டு வாங்க நேரம் தாராளம். கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை) எச்.265, 1080 வரி, 25 ஃபிரேம், 4 முதல் 5 எம்பிபிஎஸ், இரண்டு விநாடிக்கு ஒரு கீஃபிரேம் (முழுப் படமாகப் போகும் ஃபிரேம்), ஒலி 128 கேபிபிஎஸ் ஏஏசி. அளந்த மேலேற்று வேகத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 9 எம்பிபிஎஸ் காட்டுகிறதே என்று 8 வைத்தால், அடுத்த பங்கீட்டில் 6 கிடைக்கும்போது நேரலை கவிழும். ஏற்ற இறக்கத்துக்குத் தக்க பிட்ரேட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி ஆப்பில் இருந்தால் அதையும் திறந்து வையுங்கள்.

இன்னொரு சங்கதியை டெஸ்க் பொறியாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வழக்கமான சந்தாக்களில் மினிக்குப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. பலருக்கு ஒரே முகவரியைப் பகிரும் ஏற்பாடுதான். ஆகவே ஸ்டுடியோவிலிருந்து களத்தைக் கூப்பிட முடியாது. களத்துக் கருவி காலராகவும் (அழைப்பது), எம்சிஆர் லிசனராகவும் (அழைப்புக்குக் காத்திருப்பது) இருக்க வேண்டும். எம்சிஆரில் அந்த அழைப்பு உள்ளே வரும் வழியை (யூடிபி போர்ட்) ஃபயர்வாலில் திறந்து வைக்க ஆள் வேண்டும். இரவு 9 மணி புல்லட்டினுக்கு 8.40க்கு இதைக் கண்டுபிடித்தால் ஐடி பிரிவில் யாரும் இருக்க மாட்டார்கள். கடவுச்சொல் வைப்பதானால் எஸ்ஆர்டி 10 எழுத்துக்குக் குறைவாக ஏற்காது. இருபுறமும் ஒரே சொல்லைப் போட்டும் இணையவில்லை என்றால் முதலில் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு விநாடி லேட்டன்சியோடு என்கோடர், டிகோடர் நேரமும் சேர, கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்று விநாடி விழும். பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது, செய்தியாளர் காதில் தன் குரலே மூன்று விநாடி கழித்துத் திரும்பி வருவது. அப்படி வந்தால் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் நாக்கு தடுமாறும். பிசிஆரிலிருந்து (நிகழ்ச்சியை நடத்தும் கட்டுப்பாட்டு அறை) செய்தியாளர் காதுக்கு வரும் ஐஎஃப்பி ஒலி மிக்ஸ் மைனஸாக, அதாவது அவருடைய குரலை மட்டும் கழித்த கலவையாக, இருக்க வேண்டும். அவசரத்தில் நிரலொலியை, அதாவது ஒளிபரப்பில் போகும் முழு ஒலியை, அப்படியே போனில் போட்டுவிடுவதுதான் வழக்கமான கோளாறு. ஒளிபரப்புக்குப் போகும் முன் "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்லிப் பாருங்கள். எண்ணிக்கை காதில் திரும்பி வந்தால் அங்கேயே நிறுத்திச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஐஎஃப்பியை முடிந்தவரை உள்ளூர் சிம்மில் சாதாரண அழைப்பாக வாங்குவது நல்லது. படம் போனாலும் காது இருக்கும். டெஸ்க் உடனே ஃபோனோவுக்கு (குரல் மட்டும் போகும் நேரலை) மாறிக்கொள்ளும். இரண்டையும் மினி வழியே விட்டால், விழும்போது இரண்டும் சேர்ந்து விழும்.

வயர்லெஸ் மைக் வைத்திருப்பவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. சட்டையில் மாட்டும் சின்ன மைக் வகைகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. மினியின் வைஃபையும் அந்த அலைவரிசையைப் பயன்படுத்தும். டிஷ் இரண்டடி தள்ளி இருந்தால் மைக்கில் வெட்டு விழும். மைக் பழுது என்று நினைத்துப் பாட்டரி மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஸ்டார்லிங்க் ஆப்பில் 2.4, 5 இரண்டையும் தனித்தனிப் பெயராகப் பிரித்து, போனை 5இல் மட்டும் இணையுங்கள்; டிஷ்ஷைக் கேபிள் நீளத்துக்குத் தள்ளி வையுங்கள். என்கோடரில் ஈதர்நெட் இருந்தால் கம்பியிலேயே இழுங்கள். பிற நிறுவனத்தாரும் பக்கத்தில் நிற்கும் இடங்களில் கம்பிக்கு ஈடில்லை.

பலரின் நேரலையைக் கெடுப்பது மின்சாரம். வேலை செய்யும்போது மினி 25 முதல் 40 வாட் இழுக்கும். சும்மா இருந்தாலும் 15 வாட். 12 முதல் 48 வோல்ட் வரை எது கொடுத்தாலும் ஏற்கும் என்று தாளில் இருக்கிறது. அதை நம்பி 15 மீட்டர் கேபிளைக் கார் பாட்டரியில் செருகுவார்கள். கூடவரும் அடாப்டர் 30 வோல்ட் கொடுக்கும். 40 வாட்டுக்கு 1.3 ஆம்பியர்தான் ஓடும். 12 வோல்ட்டில் அதே 40 வாட்டுக்கு 3.3 ஆம்பியர் ஓட வேண்டும். இரண்டரை மடங்கு மின்னோட்டம். கம்பியில் வெப்பமாக வீணாவது ஆறு மடங்குக்கு மேல். டிஷ்ஷுக்குப் போய்ச் சேரும் வோல்ட் 12க்குக் கீழே இறங்கும், கருவி அணைந்து மறுபடி எழும். எழுந்து செயற்கைக்கோளைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். கார் பாட்டரி என்றால் இரண்டு மீட்டர் தடித்த கேபிள், அல்லது 24 வோல்ட்டுக்கு உயர்த்தும் மாற்றி. கேமராக்காரர்களின் வி-மவுண்ட் பாட்டரி 14.4 வோல்ட், அதிலுள்ள டி-டாப் என்ற மின்துளை வழியே நேரடியாகக் கொடுக்கலாம், அதுவும் குட்டைக் கேபிளில்.

பவர்பேங்க்கிலிருந்து கொடுக்க யுஎஸ்பி-சி கேபிள் இருக்கிறது. நிறுவனம் கேட்பது 20 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 100 வாட் கொடுக்கும் பவர்பேங்க். 65 வாட் பவர்பேங்க் ஓடுகிறதே என்பார்கள். ஓடும், எழும்போதும் வேகம் உச்சத்துக்குப் போகும்போதும் திணறி அணையும். மலிவான கேபிளுக்குள் 5 ஆம்பியரைத் தாங்கும் சிப் இருக்காது. பவர்பேங்க் நல்லதாக இருந்தும் 60 வாட்டோடு நின்றுவிடும். பனி இல்லாத நாட்டில் ஆப்பில் பனி உருக்கும் அமைப்பை அணைத்து வையுங்கள். வீணாகச் சூடேற்ற வேண்டாம்.

எவ்வளவு நேரம் தாங்கும்? 27,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருப்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 99.9 வாட்மணி. மாற்றத்தில் வீணாவது போக 85 வாட்மணி கையில் மிஞ்சும். 30 வாட் சராசரியில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த 99.9 தற்செயல் அல்ல. 100 வாட்மணிக்கு உட்பட்ட லித்தியம் பாட்டரியை விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், உபரியாக இரண்டுக்கு மேல் கூடாது. எதுவானாலும் கைப்பையில்தான், சரக்குப் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்த பிறகு ஆசிய விமான நிறுவனங்கள் பல கெடுபிடியைக் கூட்டிவிட்டன. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் 3சி முத்திரை (சீனப் பாதுகாப்புச் சான்று) இல்லாத பவர்பேங்க் ஏறவே முடியாது. வாட்மணி எண் தேய்ந்து படிக்க முடியாமல் இருக்கும் பாட்டரியும் பறிபோகும். எண் அழியாதபடி மேலே ஒட்டுநாடா ஒட்டுங்கள்.

வானம் எவ்வளவு தெரிகிறது என்பது அடுத்த கேள்வி. மினிக்கு 110 டிகிரி அகலத்துக்கு வானம் திறந்திருக்க வேண்டும். "ஹோட்டல் ஜன்னல் வழியே பிகான் பிடிக்குமே" என்ற பழக்கத்தில் இதையும் ஜன்னலோரம் வைத்தால் ஏமாற்றம்தான். பிகானுக்கு 35,786 கிமீ உயரத்தில் அசையாமல் நிற்கும் ஒரே புள்ளி தெரிந்தால் போதும். மினிக்கு ஓடிக்கொண்டே இருக்கும் கூட்டம் தெரிய வேண்டும். ஒரு தென்னங்கீற்று குறுக்கே இருந்தால் இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டும். ஆப்பில் தடை காட்டும் கருவியைத் திறந்து போனை வானத்தை நோக்கிச் சுற்றினால் சிவப்பாக எது மறைக்கிறது என்று காட்டும். 'சிறிதளவு தடை' என்று வந்தால் மின்னஞ்சலுக்குப் போதும், நேரலைக்குப் போதாது. இலங்கையின் நுவரெலியா, பதுளை போன்ற மலைநாட்டுச் சரிவுகளில் மண்சரிவுச் செய்திக்குப் போகிறவர், பள்ளத்தாக்கின் அடியில் நின்று கொடுக்க ஆசைப்படக் கூடாது. காட்சியைக் கீழே எடுத்துவிட்டு, மேட்டில் ஏறி அனுப்ப வேண்டும்.

மழையைப் பற்றி விளம்பரம் அடக்கி வாசிக்கிறது. இது கேயூ அலைவரிசையில் இயங்குவது, கீழிறங்குவது 10.7 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸ், மேலேறுவது 14 முதல் 14.5. சாரலுக்குக் கவலையில்லை. கருமேகம் திரண்டு பருவமழை கொட்டும்போது சில நிமிடங்களுக்கு இணைப்பே போகும். புயல் செய்திக்குப் போன இடத்தில், புயல் உச்சத்தில் இருக்கும்போது, நேரலை வரவில்லை என்றால் கருவியைத் திட்டிப் பயனில்லை. 1.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இயங்கும் பிகான் அந்த மழையிலும் நிற்கும். அதனால்தான் மினி வாங்கிய நிறுவனங்களும் பழைய பிகானைத் தூக்கி எறியவில்லை. 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் சேவையே உலகம் முழுவதும் இரண்டரை மணி நேரம் முடங்கியது. அன்று திறந்த வானமும் நிறைந்த பாட்டரியும் இருந்து என்ன பயன்? வெயிலிலும் ஒரு வரம்பு இருக்கிறது: 50 டிகிரி. பாலைவன மதியத்தில் கார் கூரையின் தகட்டில் படுக்க வைத்தால் அதைத் தாண்டும். தாங்கு காலில் நிறுத்தி, அடியில் காற்றோட விடுங்கள்.

அனுமதி விஷயத்தில் தவறினால் கருவி மட்டுமல்ல, ஆளும் உள்ளே போக நேரிடும். சேவை வரைபடத்தில் நாடு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. மாலத்தீவு, மலேசியா, இந்தோனேசியா ஆகியவற்றில் சேவை உண்டு. 2025 மே மாதம் வங்கதேசத்திலும், ஜூலையில் இலங்கையிலும் தொடங்கியது. சீனாவில் இல்லை. ஈரானில் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது. ஆனால் அந்த உரிமம், வெளிநாட்டுக் கணக்கில் வாங்கிய மினியைப் பையில் போட்டுக்கொண்டு சென்னை விமான நிலையத்தில் இறங்குபவருக்குப் பாதுகாப்பு தராது. அனுமதியின்றிச் செயற்கைக்கோள் போன் கொண்டுவந்த வெளிநாட்டவர்கள் இந்திய விமான நிலையங்களில் கைதாகியிருக்கிறார்கள். 2024 நவம்பரில் அந்தமான் கடலில் பிடிபட்ட போதைப்பொருள் படகில் மினி இருந்தது தெரிந்தபின், இந்தப் பெயரைக் கேட்டாலே அதிகாரிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். தமிழகத்திலிருந்து போய்வருபவருக்கு நடைமுறை வழி ஒன்றுதான்: சேவை உள்ள நாட்டில், அங்குள்ள பணியகத்தின் பெயரில் வாங்கி, அங்கேயே வைத்துவிட்டு வருவது. இலங்கை போன்ற இடங்களில் ஊடக விசாவும் செய்தியாளர் அட்டையும் இருந்தாலும், ரேடியோ கருவி என்ற வகையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் சம்மதம் தனியாக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பயணத்துக்கான 'ரோம்' (Roam) சந்தாவில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை. கணக்கின் நாட்டுக்கு வெளியே தொடர்ந்து இரண்டு மாதத்துக்கு மேல் பயன்படுத்தினால் முகவரியை அந்த நாட்டுக்கு மாற்றச் சொல்வார்கள். மாற்றாவிட்டால் சேவை நிற்கலாம். ஒரு வாரப் பயணத்துக்கு இது பொருட்டல்ல. ஓராண்டுப் பணிக்குப் போகிறவருக்கு ஒன்பதாவது வாரத்தில் தலைவலி. கணக்கில் நுழையும்போது வரும் சரிபார்ப்பு எண் ஊரிலுள்ள கணக்காளர் போனுக்குப் போகும்படி வைக்காதீர்கள். டேட்டாவைப் பொறுத்தவரை 5 எம்பிபிஎஸ்ஸில் பத்து நிமிட நேரலைக்கு 375 எம்பிதான். சந்தாவைக் குடிப்பது நேரலை அல்ல, வைஃபை கிடைத்ததும் போன்கள் தாமாக மேலேற்றும் புகைப்படக் காப்பும் லேப்டாப்பின் அப்டேட்டும். புறப்படும் முன் அவற்றை அணையுங்கள்.

போர்க்களம் என்றால் கணக்கு வேறு. வானொலி அலை விடும் எதுவும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 1996இல் செச்சென் தலைவர் துதாயெவ் செயற்கைக்கோள் போனில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஏவுகணை வந்தது. 2012 பிப்ரவரி 22இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் போர்ச் செய்தியாளர் மேரி கோல்வின் கொல்லப்பட்டார். முந்தைய நாள் அவர் அங்கிருந்து ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு நேரடியாகப் பேசியிருந்தார். செய்தியாளர்களின் செயற்கைக்கோள் தொடர்புகளை வைத்து இடத்தைக் கண்டறிந்து தாக்கினார்கள் என்பது அவர் குடும்பத்தினர் தொடர்ந்த வழக்கின் மையம். 2019இல் அமெரிக்க நீதிமன்றம் சிரிய அரசைப் பொறுப்பாக்கியது. மினியின் கதிர் மேல்நோக்கிப் போகும் குறுகிய கற்றை என்பதால் பிடிப்பது கடினம் என்ற பேச்சு உண்டு. அதன் வைஃபையோ நாலாபுறமும் பரவுகிறது, அதுவும் 'ஸ்டார்லிங்க்' என்று பெயர் சொல்லிக்கொண்டு. பெயரை முதல் நாளே மாற்றுங்கள். தங்குமிடத்தின் கூரையில் வைக்காதீர்கள். கேபிள் நீளம் முழுவதையும் பயன்படுத்தித் தள்ளி வையுங்கள். அனுப்பி முடிந்ததும் அணைத்து, கழற்றி, இடம் மாறுங்கள். வெள்ளைப் பலகை மேலிருந்து பார்க்கும் ட்ரோனுக்குத் தெளிவாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி, உக்ரைன் போன்ற இடங்களில் ஜிபிஎஸ்ஸைக் குழப்பும் வேலை நடக்கிறது. தான் எங்கே இருக்கிறோம் என்பதையே மினி ஜிபிஎஸ் மூலம்தான் அறிகிறது. தவறான இடம் கிடைத்தால் செயற்கைக்கோளைப் பிடிக்காமல் தேடிக்கொண்டே இருக்கும். ஆப்பின் மேம்பட்ட அமைப்பில், ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டார்லிங்க்கின் சொந்த இடங்காணலை மட்டும் பயன்படுத்தும் ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதை ஊரிலேயே செய்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகு வாங்கலாமா என்றால், பெருநகரப் பணியகத்துக்குப் போகிறவருக்கு அவசியமில்லை. லண்டனிலும் சிங்கப்பூரிலும் நான்கு சிம் போட்ட பேக்பேக் இதைவிட உறுதியானது; நடந்துகொண்டே வாக்த்ரூ கொடுக்கலாம், கூரை தேட வேண்டாம். பேரிடர், எல்லைப்புறம், தீவு, மின்சாரம் போன ஊர் என்று அலையப்போகிறவருக்கு, இந்த விலையில் இதற்கு நிகராக எதுவும் இல்லை. லைவ்யூ போன்ற பேக்பேக் ஏற்கெனவே இருந்தால் மினியை அதன் ஈதர்நெட்டில் செருகுங்கள். சிம்களோடு இன்னொரு பாதையாகச் சேர்ந்துகொள்ளும், அந்தப் பதினைந்து விநாடி விக்கலைச் சிம்கள் தாங்கிக்கொள்ளும். இரண்டும் கைவசம் உள்ளவருக்கு மேலே சொன்ன எஸ்ஆர்டி கவலைகளில் பாதி குறையும்.

கருவியோடு ஒட்டாத ஒரு குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கூரையில் டிஷ்ஷுக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்கும் செய்தியாளரை 'டிஷ் குரங்கு' என்று தொழிலுக்குள் கேலியாகச் சொல்வார்கள். முன்பு செயற்கைக்கோள் நேரத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகக் காசு கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டியிருந்ததால், டெஸ்க் ஒரு நாளைக்கு இரண்டு முறை கேட்டாலே அதிகம். இப்போது செலவு இல்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு மணிக்கும் கேட்கிறது. ஒவ்வொரு நேரலைக்கும் அமைக்கவும் காத்திருக்கவும் கழற்றவும் நாற்பது நிமிடம் போகும். மிச்சமிருக்கும் இருபது நிமிடத்தில் யாரிடம் போய் என்ன விசாரிப்பது? ஊரிலிருந்து வந்த ஏஜென்சிச் செய்தியையே ஊருக்குத் திருப்பிச் சொல்லும் நிலை வரும். கிளம்பும் முன்பே டெஸ்கோடு பேசி ஒரு நாளைக்கு மூன்று நேரலை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டவர்கள்தான் இரண்டாவது பயணத்துக்கும் சொந்தச் செய்தியோடு திரும்புகிறார்கள்.

பைக்குள் என்ன வைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பொருளை மட்டும் இரட்டையாக எடுத்துப்போக இடமிருந்தால் மின்சாரக் கேபிளை எடுங்கள். அதன் உருளைச் செருகி பூட்டிக்கொள்ளும் வகை அல்ல; யாராவது கால் தடுக்கினாலே கழன்றுவரும், பலமுறை இழுபட்டால் தளர்ந்துபோகும், அந்த ஊர்க் கடையில் கிடைக்காது. கேபிளை டிஷ்ஷின் தாங்கு காலில் ஒரு சுற்றுச் சுற்றி வெல்க்ரோவால் கட்டி, மிச்ச நீளத்தின் மேல் ஒரு மணல் பையையோ செங்கல்லையோ வைத்துவிட்டு, அதன் பிறகு கேமரா முன் போய் நில்லுங்கள்.